பாட்டு முடிந்த பிறகும் ஓடிய நாடா

சங்கீதத்தில் எனக்கு நல்ல ரசனை உண்டு என்று சொல்லும் நண்பர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது மந்தம். இன்னொருவருக்கு என் மோட்டார் சைக்கிள் அடிக்கடி தேவைப்படும். இவர்கள் கொடுக்கும் தைரியத்தில் நான் கஜலைப் பற்றியும் அரபுப் பாட்டைப் பற்றியும் நாலு பேர் முன்னால் வாய் திறப்பதுண்டு. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால், மட்டாஞ்சேரியில் என்று சொல்லி நிறுத்திவிடுவேன். மட்டாஞ்சேரியில் பாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டவர் தானாகவே ஒரு மாடி அறையையும் ஆர்மோனியத்தையும் கற்பனை செய்துகொண்டு தலையை ஆட்டுவார். நான் தடுப்பதில்லை.

உண்மையில் நான் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கற்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் கணவனின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளை அந்த வீட்டில் நிறுத்தி வைத்திருந்தது அந்தக் குரல்தான். வேறு எதுவுமில்லை.

எங்கள் இரண்டு வீடும் ஒரே கட்டடம். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை யாரோ நடுவில் செங்கல் வைத்துப் பிரித்திருந்தார்கள். செங்கல் பாதியில் தீர்ந்துபோயிருக்க வேண்டும். சுவர் ஓட்டுக்கூரையைத் தொடாமல் தலைக்கு மேல் கொஞ்ச உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் பொதுவான இருட்டு. அந்த இருட்டு வழியாக அவர்கள் வீட்டு மீன் வறுவல் இந்தப் பக்கமும், எங்கள் வீட்டுச் சண்டை அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருக்கும். நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். அவர்களும் பாலக்காட்டுத் தமிழர்கள், ராவுத்தர்கள். நாங்கள் மீன் தின்பதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதையும் அந்தச் சுவர் முழுக்க அனுமதிக்கவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவள் இத்தா. அக்கா என்பதற்கு அங்கே அப்படித்தான். கட்டிக்கொண்டு வந்த சில மாதங்களிலேயே கணவர் பஹ்ரைனுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுக்களையில் வேலை. வீட்டில் மிஞ்சியது இத்தாவும், இடுப்பு விழுந்து படுக்கையோடு கிடந்த மாமியாரும். மாமியாருக்குக் காதும் கேட்காது. அதனால் இத்தா அவரிடம் எது சொன்னாலும் காதில் வாயை வைத்துக் கத்துவாள். தெருவுக்கு ரேடியோ தேவைப்படவில்லை.

ஆனால் அவளிடம் நான் கவனித்தது பேச்சை அல்ல, கேட்பதை. யார் எதைச் சொன்னாலும் முடியும்வரை கேட்பாள். ரேஷன் கடைக்காரர் தன் சிறுநீரகக் கல் கதையைத் தொடங்கினால் வரிசையில் உள்ள எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இத்தா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கல் கரைந்து வெளியேறும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் அரிசி வாங்குவாள். அதில் கருணை இருந்ததா, மரியாதை இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. தொடங்கியது முடியவேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் என் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன். கொச்சியில் அந்த நாளில் பையன்களில் பாதிப் பேர் மிமிக்ரிக்காரர்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டியவர்கள். நான் முதல் பாதியில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். ப்ரீ டிகிரியில் தோற்றுவிட்டு, ஒரு மிமிக்ஸ் குழுவில் படகு ஹாரன், காக்கை, குழாயில் தண்ணீர் நிற்பது ஆகிய மூன்று ஐட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். இடக்கொச்சியில் ஒரு கிளப் ஆண்டு விழாவில் என்னை மேடையிலிருந்து இறக்கினார்கள். இறக்கினார்கள் என்பது நான் வீட்டில் சொன்ன சொல். ஒவ்வொரு ஐட்டத்தையும் முதலில் இத்தாவிடம்தான் செய்து காட்டுவேன். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, ஒரு புன்னகைகூட இல்லாமல், படகு கரையை அடையும்வரை கேட்பாள்.

"தீர்ந்துதா?" என்பாள்.

"தீர்ந்துது இத்தா."

"செரி."

மறுபடி கல் பொறுக்கத் தொடங்குவாள். என் கலை வாழ்க்கையில் ஓர் ஐட்டத்தை முழுசாகக் கேட்ட ரசிகை அவள் ஒருத்திதான்.

இனி கேசட்டுகள். கல்ஃபில் இருந்தவர்கள் அப்போது வீட்டுக்குக் குரலைப் பதிந்து அனுப்புவது வழக்கம். மற்ற வீடுகளுக்கு வருவது முழுக் கேசட்; இரண்டு பக்கமும் பேச்சு, அழுகை, நடுவில் ஒரு பாட்டு. இத்தாவின் கணவருக்கு அவ்வளவு பேச விஷயம் இருக்கவில்லை. அவர் கடையில் ஒரு பாட்டு ஆல்பம் வாங்குவார். ஆல்பத்தில் பாட்டெல்லாம் முடிந்த பிறகும் இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் நாடா மிச்சமிருக்கும். அதில் பேசி அனுப்புவார். விற்பனைக்கு வரும் கேசட்டின் மேலே ஒரு சின்னப் பல்லை உடைத்திருப்பார்கள், யாரும் அழித்துப் பதியக்கூடாது என்று. அந்தக் குழியில் காகிதத்தை மடித்துத் திணித்தால் பதியலாம். பம்பாய் வழியாக வெலிங்டன் தீவு விமான நிலையத்தில் வந்து இறங்கும் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மதியம் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு இத்தா அதை டேப் ரெக்கார்டரில் போடுவாள். முதல் பக்கம் முதல் பாட்டிலிருந்து. ஓட்டிவிட்டுக் கடைசிக்குப் போகமாட்டாள். ஒருதடவை என் அம்மா பொறுக்கமுடியாமல் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள், "ஏம்மா, பட்டனை அமுக்கி ஓட்டிட்டுக் கேட்டா என்ன?"

"பாட்டு தீரட்டு அக்கா. அவர் பாட்டுக்குப் பொறவாக்கும் இருக்கார்."

அப்படித்தான் என் படிப்பு நடந்தது. கண்ணை மூடி ஆர்மோனியம் பிடித்திருக்கும் ஆள் அட்டையில் உள்ள உருது கஜல். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக, ஒரே வரியை அரை மணி நேரம் பாடிக் கூட்டத்தை அழவைக்கும் அரபுக்காரி. யாரோ கடையில் கலந்தடித்துப் பதிந்த தமிழ் சினிமாப் பாட்டு. தலைமுடியில் காக்கை கூடு கட்டக்கூடிய நாலு வெள்ளைக்காரப் பையன்கள். இத்தாவுக்கு உருதும் தெரியாது, அரபியில் ஓதமட்டும் தெரியும். எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டாள். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுந்திருக்கமாட்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்து எங்கள் வீடு வரை மணக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடராமல் அந்தப் பாட்டின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி கேட்பாள். சோறும் மறுபடிதான்.

பாட்டெல்லாம் முடிந்து ஒரு டப் சத்தம். பின்னால் தட்டுகள் மோதும் ஓசை, மின்விசிறி. பிறகு அவர் தொண்டையைச் செருமிவிட்டு, "கேட்டியா…" என்று தொடங்குவார். எப்போதும் அதுதான். பேர் சொல்ல மாட்டார். அந்த வீட்டில் ஆண்கள் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கேட்டியா… அம்மாவுக்குக் கால்ல நீர் எறங்கித்தா. கேட்டியா… ஓடு ஒழுகுதுன்னா இக்காகிட்டே சொல்லு. இங்கெ சூடு." அன்பான பேச்சென்று சொல்லமுடியாது. சோற்றில் உப்பில்லை என்று சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லும் குரல்.

ஒருதடவை மிச்ச நாடாவை அளக்கத் தெரியாமல் கஜல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு மேலேயே பதிந்துவிட்டார். பாடகர் உச்சத்துக்கு ஏறி ஒரு சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே "கேட்டியா, மீன் வாங்கினா தலையைக் களையாதே" என்று வரும், தூக்கி எறிந்துவிடாதே என்று. நான் அந்தப் பாட்டே அப்படித்தான் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்து அதை முழுசாகக் கேட்டபோது பாடகர் தேவையில்லாமல் நீட்டுவதாகப் பட்டது. இதுதான் நாலு பேர் முன்னால் பேசும் என் சங்கீத ஞானம்.

பேச்சு முடிந்ததும் இத்தா மாமியாரின் காதில் கத்துவாள்: மகன் கேட்டான், கால் எப்படி என்று கேட்டான், துஆ செய்யச் சொன்னான். கணவரின் அண்ணன் பஜார் ரோட்டில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் இக்கா, அண்ணன் என்பதற்கு அங்கே அப்படி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து குடையோடு அம்மாவைப் பார்க்க வருவார். கேசட்டை அவர் ஒருபோதும் கேட்டதில்லை. தம்பி மனைவிக்கு வந்ததைத் தான் கேட்பது முறையில்லை என்று நினைப்பவர். வாசலில் நின்று, "என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்பார். அவள் சொல்வாள்.

மெல்ல மெல்லக் கேசட்டில் கணவரின் பேச்சு சுருங்கியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ஒரு கேசட் வந்தது. தமிழ் சினிமாப் பாட்டு. வழக்கம்போல மதியம் போட்டாள். இரண்டு பக்கமும் ஓடித் தீர்ந்தது. டப் சத்தம் கேட்டது. யாரோ பதியும் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். தட்டு ஓசை, மின்விசிறி. செருமல்கூட இல்லை. வெறும் இரைச்சல். ஓட்டு மேல் மழை பெய்வதும் நாடா இரைவதும் ஒன்றாகக் கேட்டது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள். நாடா தீர்ந்து பட்டன் தானாக எழும்பும்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து இத்தா மாமியாரின் காதில் கத்துவது கேட்டது. "கால் எப்படின்னு கேட்டார் மாமி. இந்த வருசம் வராராம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மறுபடி தேங்காயைத் துருவத் தொடங்கினாள், தேவைக்கு மேல் சத்தமாக.

அன்று சாயங்காலம் தெருவில் எல்லோருக்கும் சலாம் வந்திருந்தது. தையல்காரரின் மகளுக்குக் கல்யாணம் ஆனதா என்று கேட்டாராம். எனக்கும் ஒன்று இருந்தது. "நீ மேடை ஏறுறியான்னு கேட்டார்" என்றாள் இத்தா, என் கண்ணைப் பார்த்து. நாங்கள் கேட்டது அவளுக்குத் தெரியும். சுவர் அவளுக்கும் சுவர்தானே. ஏறினேன், இறக்கிவிட்டார்கள் என்று பதில் சொல்லச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை இக்கா வாசலில் நின்று கேட்டார். வருகிறேன் என்று சொன்னார் என்றாள்.

அதற்குப் பிறகு கேசட் வரவில்லை. இக்கா பூத்திலிருந்து பஹ்ரைனுக்குப் போன் போட்டார். அந்த ஆள் வேலையை விட்டுப் போய் மாதங்கள் ஆயிற்று என்றார்கள். எங்கே என்று தெரியாது. இக்கா வாரம் தவறாமல் படகில் வெலிங்டன் தீவுக்குப் போய், பெட்டியோடு வெளியே வருபவர்களிடம் தம்பியின் அடையாளம் சொல்லி விசாரிப்பார். ஒருத்தன் ஜெயில் என்றான். ஒருத்தன் வேறு குடும்பம் என்றான். இக்கா எதையும் நம்பவில்லை. தம்பிதான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானே.

மாமியாரும் நம்பிக்கொண்டேதான் இறந்தார். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த பிறகு இத்தா இக்காவிடம் தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். பாலக்காட்டில் அவள் அண்ணன் இருந்தான். அவன் ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தான்: அந்த வீட்டார் முறையாகக் கொண்டுவந்து விட்டால் வைத்துக்கொள்கிறேன், தானாக இறங்கி வந்தால் வாசல்படி ஏறக்கூடாது. இக்கா நல்லவர். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் அன்றே துரத்திவிட்டிருப்பார்.

"நீ அவன்டெ அமானிதம்" என்றார் இக்கா. நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். "வரேன்னு அவன் சொன்னான்னு நீதானே எங்கிட்டே சொன்னே. இனி அவன் வாயால வேற சொல்லாம உன்னை நான் எப்படி அனுப்ப?"

இத்தா அவர் பேசி முடிக்கும்வரை கேட்டாள்.

மாமியார் படுத்திருந்த கட்டிலில் இப்போது மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தோப்பும்படியில் ஒரு கொட்டகைக்கு இறால் உரிக்கப் போனாள். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்து, சோறு பிசையமுடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். திரும்பிவந்து பழைய ஆல்பங்களை முதல் பக்கத்திலிருந்து போட்டாள். அவர் பேசும் இடம் வரும், பேசுவார், மீன் தலையைக் களையாதே என்பார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சுவர்ப்பக்கமாகத் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு மதியம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது இத்தா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"உனக்கு அவர் சத்தம் வருமோ?"

எனக்கு என்னவொரு பெருமை. படகும் காக்கையும் அரைகுறை. அந்தக் குரல் ஒன்றுதான் எனக்கு அச்சு அசலாக வரும். அதைச் செய்துகாட்ட ஒரு மேடையும் உலகத்தில் கிடையாது. தொண்டையைச் செருமினேன். "கேட்டியா…" என்றேன்.

இத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "வா" என்றாள்.

அந்த மழைக்காலத்துக் கேசட்டை எடுத்து வைத்திருந்தாள். அவர் ஒன்றும் பேசாமல் விட்ட இடம் அதில்தானே இருந்தது; அங்கே அவர் குரலில் நான் பேசிப் பதியவேண்டும் என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. இக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே, அந்தக் கேசட்டில் ஒன்றும் இருக்கவில்லை என்று சொன்னால் தீர்ந்ததே என்றேன்.

"சொல்லலாம். அப்ப அவங்க அம்மா மவுத்தானது என் பொய்யைக் கேட்டுட்டுன்னு ஆயிரும். இக்காவுக்கு அது தாங்காது" என்றாள். "அவர் சொல்லவேண்டியதைத்தான் நீ சொல்லப்போறே. அவருக்கு நேரமில்லே, அவ்வளவுதான்."

ஜன்னலை அடைத்தோம். மேஜை விசிறியைப் போட்டோம். டேப் ரெக்கார்டரையும் எங்கள் இருவர் தலையையும் ஒரு போர்வைக்குள் வைத்துக்கொண்டு, இத்தா பஹ்ரைன் கடைக்காக இரண்டு பீங்கான் தட்டுகளை மெதுவாக மோதினாள். முதல் தடவை பாதியில் தெருவில் "மத்தியே… நல்ல மத்தியே" என்று மீன்காரன் வந்துவிட்டான். பஹ்ரைனில் சைக்கிளில் மத்தி விற்கிறார்கள் என்று இக்காவை நம்பவைப்பது கஷ்டம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாடாவைப் பின்னால் ஓட்டி, மறுபடி பட்டனை அமுக்கினாள்.

இரண்டாம் தடவை எனக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். குரல் தழுதழுக்க, இடையில் ஒரு விம்மல் வைத்து, பிரமாதமாகச் செய்தேன். போர்வைக்குள்ளிருந்தே அவள் என் கையைத் தட்டினாள்.

"சினிமா வேண்டா. சோத்துல உப்பில்லேன்னு சொல்றமாதிரி சொல்லு."

அப்புறம் சொன்னாள், "கேட்டியான்னு தொடங்காதே. என் பேரைச் சொல்லித் தொடங்கு."

"அவர் பேரே சொல்ல மாட்டாரே இத்தா. இக்கா கண்டுபிடிச்சிருவார்."

"எனக்குத் தெரியும். சொல்லு."

அவள் பேர் எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. தெருவிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. போர்வைக்குள் இருட்டில், அவள் கணவரின் குரலில், அந்தப் பேரைச் சொன்னேன். தட்டு மோதும் ஓசை நின்றுவிட்டது. பிறகு மறுபடி தொடங்கியது. மிச்சத்தையும் சொன்னேன். நான் வரமாட்டேன். காத்திருக்க வேண்டாம். இக்கா, இவளை இவள் வீட்டில் கொண்டு விட்டுடுங்க.

வெள்ளிக்கிழமை இக்கா வந்தபோது, கேசட் வந்திருக்கிறது, இதை நீங்களே கேட்கவேண்டும் என்றாள். யார் கொண்டுவந்தார் என்றதற்கு, நேற்று யாரோ வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கட்டும் என்று இக்கா என்னையும் கூப்பிட்டார். என் ஆயுளில் நான் ஏறிய மேடைகளிலேயே கடினமானது அந்த முக்காலி. பாட்டு தொடங்கியது. இக்கா, ஓட்டிவிடக் கூடாதா என்று கையால் சைகை காட்டினார். "தீரட்டு இக்கா" என்றாள். முழங்காலில் குடையை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் இரண்டு பக்கமும் காதல் பாட்டாகக் கேட்டார். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், சுவருக்கு அந்தப் பக்கத்தில் என் அம்மா அடுத்த பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தாள். கேசட் நேற்று வந்ததென்றால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இக்கா கவனிக்கவில்லை.

டப். தட்டு ஓசை. செருமல். அவள் பேர்.

இக்காவின் கை குடைப்பிடியில் நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் டேப் ரெக்கார்டரைப் பார்த்தார், பிறகு இத்தாவைப் பார்த்தார். அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்து நின்றாள். குரல் தன் வேலையைச் செய்து முடித்தது. இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

"பேரு சொல்லி விளிக்கறான்" என்றார் இக்கா. "எங்க வீட்டு ஆம்பள கெட்டின பொண்ணைப் பேரு சொல்லி விளிக்க மாட்டான். விளிச்சான்னா, அவனுக்கு இனி இவ ஆருமில்லே."

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வயதான ஒரு மனிதர் சத்தமில்லாமல் குலுங்குவதை நான் அன்றுதான் பார்த்தேன். "பொறுத்துக்கோ" என்று இத்தாவிடம் கேட்டுக்கொண்டார். தம்பிக்காகக் கேட்டார்.

அவரே அவளைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனார். தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். டேப் ரெக்கார்டரும் பாட்டும் அவர் வீட்டுக்குப் போயின. இத்தா ஒரு கேசட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு இக்கா வெலிங்டன் தீவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பெட்டியோடு வருபவர்களை விசாரிப்பதையும் நிறுத்திவிட்டார். சில வருஷம் கழித்து கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவர் அவர் கடைக்கே வந்து சொன்னார்: அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் ஓர் ஆள் பக்கவாதம் வந்து கிடந்தார், வாய் கோணிப் பேச்சு வரவில்லை, யாருமில்லை, உங்கள் தம்பி மாதிரி இருந்தது என்று. நான் அப்போது கயிறு வாங்க அந்தக் கடையில் நின்றிருந்தேன். எப்போது என்று இக்கா கேட்டார். வந்தவர் சொன்ன கணக்கு அந்த மழைக்காலத்துக்கு அருகில்தான் வந்தது.

"அது அவனில்லே" என்றார் இக்கா. "அதுக்குப் பொறவாக்கும் அவன் பேசி அனுப்பினான். நான் கேட்டேனே. இவனும் கேட்டான்." என்னைக் காட்டினார்.

நான் கயிற்றை வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன கட்டுவதற்கு வாங்கினேன் என்பது மறந்துவிட்டது. அது அவர்தானா, வேறு யாரோவா, எனக்குத் தெரியாது. இக்காவும் காலமாகிவிட்டார்.

இந்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பாலக்காடு போனபோது இத்தாவைப் பார்த்தேன். அண்ணன் மகன் வீட்டில் பின்கட்டில் ஓர் அறை. அந்த வீட்டிலும் அவள்தான் எல்லாப் படுக்கைக்காரர்களையும் பார்த்து அனுப்பியிருக்கிறாள். இப்போது அவளுக்கே கால் வரவில்லை. வயசு போனாலும் கண்ணைச் சுருக்குவது போகவில்லை. எனக்குத் தலையில் முடி போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள். அதற்கு நான் வைத்திருக்கும் நீண்ட வேடிக்கைப் பதிலை முழுசாகக் கேட்டாள். பிறகு, "அவரை ஆராவது தேடினாங்களா?" என்றாள்.

சொல்லாமலிருக்கலாம் என்றுதான் போயிருந்தேன். ஆனால் அவள் கேட்கும் முகத்துக்கு முன்னால் எதையும் பாதியில் நிறுத்தமுடியாது. கயிற்றுக் கடையில் நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை சொன்னேன்.

உள்ளே யாரோ குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் சத்தம் எனக்கு மறந்துபோச்சு" என்றாள். "எத்தனை யோசிச்சாலும் அந்தக் கடைசிக் கேசட்தான் வருது. அதுக்கு முன்னாடி பேசினதும் அந்தச் சத்தத்திலேயே கேக்குது. உனக்குத்தான் நல்லா வருமே. ஒருதடவை பேசிக்காட்டு."

நான் தொண்டையைச் செருமினேன். மீன் தலையை நினைத்துக்கொண்டேன், ஓடு ஒழுகுவதை நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினேன். வந்த குரல் எனக்கே தெரிந்தது. போர்வைக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்த பையனுடையது, இப்போது கொஞ்சம் கரகரத்து.

இத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். நான் நிறுத்திய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நீ" என்றாள். "அவர் எங்கே?"